போஸ்ட் கார்ட்: பழைய பென்ரியத்தோடு சில வருட அனுபவம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருந்துகொண்டு பழைய கொம்பியூட்டர் வைத்திருப்பதற்குக் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. என்னுடையது ஸ்லொட் 1 பென்ரியம் 3, இன்ரெல் 440பிஎக்ஸ் சிப்செட், விண்டோஸ் 98. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இன்னும் அதில்தான் கிடக்கின்றன.

இதற்கு வரும் வருத்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபேன் சுற்றும், மொனிட்டர் இருட்டாகவே இருக்கும். கடைக்குக் கொண்டுபோனால், "மதர்போர்ட் செத்துட்டுது அண்ணா, புதுசு எடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் இந்த போஸ்ட் கார்டை (தபால் அட்டை இல்லை; கொம்பியூட்டர் தொடங்கும்போது தன்னைத்தானே சோதிப்பது எங்கே நிற்கிறது என்று காட்டும் சின்னக் கார்ட்) வாங்கினேன். மதர்போர்டில் கூடுதல் கார்ட்கள் செருகும் பழைய வகை இடமான பிசிஐ ஸ்லொட்டில் செருகினால் போதும். மெஷினை எழுப்பும் பயோஸ் என்ற மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்கும்போது 80 என்ற முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பும். கார்ட் அதை இரண்டு இலக்கமாகக் காட்டும். எண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் தேடவேண்டும்.

என் போர்டில் இருப்பது அவார்ட் பயோஸ். மழைக்காலம் வந்தால் சி1-இல் வந்து நின்றுவிடும். ரேமைத் தேடும் கட்டம் அது. கழற்றிப் பார்த்தால் பொன்நிறப் பற்களின் மேல் மங்கலாக ஒரு பழுப்புப் படை. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, ஸ்லொட்டையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி போட்டால், எண்கள் கடகடவென்று ஓடி எஃப்எஃப்-இல் முடியும். செத்த போர்ட் எழும்பிவிட்டது! ஆனால் ஒன்று: ஓடி வந்து எஃப்எஃப்-இல் நின்றால் பூட் ஆகப் போகிறது என்று அர்த்தம், தொடக்கத்திலிருந்தே எஃப்எஃப் அசையாமல் நின்றால் ப்ரொசசர் ஒரு கட்டளையைக்கூட ஓட்டவில்லை. கூடவந்த கையேடு இதைச் சொல்லாது. அதன் ஆங்கிலம் வேறு தலையைச் சுற்றவைக்கும்.

எனக்குப் பிடிக்காதது அதில் உள்ள வோல்ட் விளக்குகள். 5 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 4.5 இருந்தாலும் பளிச்சென்று எரியும். ஏடிஎக்ஸ் பவர் சப்ளையில் 5 சதவீதம்தான் ஏறி இறங்கலாம், அதாவது 4.75-க்குக் கீழே போகக்கூடாது. அதை அறிய மல்ரிமீற்றர்தான் வேண்டும், அதுவும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கவேண்டும். ரீசெட் விளக்கு மட்டும் உண்மையிலேயே உதவும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பவர் சப்ளையின் சாம்பல் நிற வயரில், கரண்ட் சரியாக இருக்கிறது என்று சொல்லும் 'பவர் குட்' சிக்னல் வருகிறதா என்று முதலில் பார்ப்பேன்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணில் நின்றால் ரேமை மாற்றி மாற்றிப் போட்டு மினக்கெட வேண்டாம். என் போர்டில் அப்படி நடந்தபோது ப்ரொசசருக்குப் பக்கத்திலிருந்த கப்பாசிற்றர்களின் தலை உப்பியிருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 105 பாகை (தாங்கும் சூடு), லோ ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்கி மாற்றினேன். சாதாரணத்தைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் கரண்டில் உள்ளே 300-க்கு மேல் டிசி வோல்ட் சேர்கிறது, ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

பழைய பிசிஐ போர்ட் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். இப்போதைய போர்ட் என்றால் செருகவே இடம் இருக்காது, அந்தக் காசை மல்ரிமீற்றரில் போடுங்கள்.