பல்செட் ரிவ்யூ: மேல மிச்சம் பிடிங்க, கீழ பிடிக்காதீங்க

எங்க வீட்ல இப்போ அம்மா, மாமனார், சித்தப்பா மூணு பேருக்கும் மூணு விதமான பல்செட். இதுக்காக திருச்சில நான் ஏறி இறங்காத கிளினிக் இல்ல, அதனால சொந்தத்துல யாரு பல்லு எடுத்தாலும் உடனே எனக்குத்தான் போன், "எந்த செட்டுப்பா நல்லது, என்ன ரேட்டு வரும்"னு. வாய்ல மிச்சம் எத்தன பல்லு இருக்கு, அது எந்த எடத்துல இருக்கு, தாடை எலும்பு எவ்ளோ இருக்குன்னு பாக்காம எது நல்லதுன்னு பெரிய டாக்டராலயும் சொல்ல முடியாது. ஆனா மொத்த பல்லும் போனவங்களுக்கு ஒண்ணு மட்டும் தைரியமா சொல்லுவேன், மேல் தாடைக்கு சாதாரண செட்டே போதும், கைல காசு இருந்தா அத கீழ் தாடைல போடுங்க.

முதல்ல அம்மா, அவங்களுக்குதான் ஃபுல் செட். சுகர் இருக்கு, ஈறு வீக்கம் வந்து பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா எடுத்து கடைசில எல்லாமே போயிருச்சு. பல்லு எடுத்த அன்னைக்கே மாட்டி விடற இம்மீடியட் செட்டுன்னு ஒண்ணு இருக்கு. வேலைக்கு போறவங்க, வீட்ல கல்யாணம் வெச்சிருக்கவங்களுக்கெல்லாம் அது சௌகரியம், ஆனா புண்ணு ஆறி எலும்பு சுருங்க சுருங்க செட்டு லொடலொடன்னு ஆயிரும், அப்புறம் ஈறோட ஒட்டற உள்பக்கத்த புதுசா நிரப்பி ரீலைன் பண்ணனும் இல்லன்னா புதுசாவே செய்யணும், அதாவது ரெண்டு செலவு. அம்மா "நான் என்ன கலெக்டர் ஆபீஸுக்கா போறேன்"னு சொல்லிட்டாங்க, ஈறு நல்லா ஆறுற வரைக்கும் கஞ்சி, இட்லி, குழைய வடிச்ச சோறுன்னு பொக்கை வாயோடயே சில மாசம் ஓட்டிட்டாங்க.

கிளினிக் எப்படிப்பட்டதுன்னு அளவு எடுக்கற விதத்துலயே தெரிஞ்சிரும். ஒழுங்கா செய்யறவங்க மொதல்ல ஆல்ஜினேட்னு ஒரு பேஸ்ட்ட கரைச்சு ட்ரேல வெச்சு முதல் அளவு எடுப்பாங்க, அந்த அச்ச வெச்சு உங்க வாய்க்குன்னே தனியா ஒரு ட்ரே செஞ்சு, அதோட ஓரத்துல பச்சைக் கலர்ல ஒரு குச்சிய உருக்கி ஒட்டி, கன்னத்த இழுத்து, நாக்க நீட்டச் சொல்லி ரெண்டாவது அளவு எடுப்பாங்க. அந்த ஓரம் சரியா வந்தாதான் செட்டு பிடிச்சு நிக்கும். அடுத்த தடவ மெழுகு கட்டைய வாய்ல வெச்சு மேல் தாடையும் கீழ் தாடையும் எந்த உயரத்துல சேருதுன்னு பாப்பாங்க, அதுக்கப்புறம் மெழுகுல பல்ல பதிச்சு ட்ரையல், அதுக்கப்புறம்தான் செட்டே வரும். எங்க ஏரியால ஒருத்தர் "ஒரே அளவு, மறுநாள் செட்டு ரெடி"ன்னாரு, அம்மாவ எழுப்பி கூட்டிட்டு வந்துட்டேன்.

ட்ரையல் அன்னைக்கு தயவு செஞ்சு அம்மாவயோ அப்பாவயோ தனியா அனுப்பாதீங்க, வீட்ல நல்லா குறை சொல்ற ஆளா பாத்து ஒருத்தர கூட அனுப்புங்க. பல்லு மெழுகுல இருக்கறப்ப முன்னாடி தள்ளலாம், ஏத்தலாம், எறக்கலாம், கலர மாத்தலாம். மெழுக எடுத்துட்டு அக்ரிலிக்ல, அதாவது பிளாஸ்டிக்ல, வேக வெச்சு எடுத்துட்டா அவ்ளோதான், தேய்ச்சு சரி பண்றதோட சரி. அம்மாவுக்கு பால் மாதிரி வெள்ளையா வேணும்னு ஆசை. டாக்டர் ஷேட் கார்டுல ஏ1 ஏ2 ஏ3ன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டி, உங்க வயசுக்கும் நிறத்துக்கும் ஏ3தான் இயற்கையா இருக்கும், ஏ1 போட்டா தூரத்துலயே பல்செட்டுன்னு தெரிஞ்சிரும்னாரு. அம்மாவோட பழைய கல்யாண போட்டோ ஒண்ணு கொண்டு போயிருந்தேன், முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருந்த சின்ன சந்த அதே மாதிரி வெச்சு கொடுத்தாரு. அந்த சந்துக்காகவே அந்த டாக்டருக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

மெட்டீரியல் விஷயத்துல ரொம்ப குழம்ப வேணாம். நம்ம ஊர்ல போடற ஃபுல் செட்டுல முக்கால்வாசி அக்ரிலிக்தான், 1937ல இருந்தே செட்டுக்கு இதத்தான் போடறாங்க, அதுக்கு முன்னாடி கெட்டியான ரப்பர்ல செஞ்சாங்களாம். இதுலயே ஹை இம்பாக்ட்னு ஒரு ரகம் வரும், லூசிடோன் 199 மாதிரி, கீழ விழுந்தா சீக்கிரம் உடையாது. காசு கொஞ்சம் கூட, ஆனா கை நடுங்கற பெரியவங்களுக்கு வாங்கி குடுக்கலாம். பிபிஎஸ்னு இவோக்ளார் கம்பெனியோட முறை ஒண்ணும் போர்டுல போட்டிருப்பாங்க, அளவு எடுக்கறதுல இருந்து பல்லு வரைக்கும் எல்லாம் ஒரே சிஸ்டம். நல்லாதான் இருக்கு, ஆனா டாக்டர் கை சரியில்லன்னா எந்த பிராண்டும் காப்பாத்தாது.

இப்போ மேல் கீழ் கதைக்கு வர்றேன். மேல் செட்டு அண்ணாக்கு முழுசையும் மூடி உக்காரும், நடுவுல மெல்லிசா எச்சில், சுத்தி ஓரம் காத்து போகாம அடைச்சுக்கும், அதனால கப்புன்னு ஒட்டிக்கும். கீழ அந்த வசதியே கிடையாது. நடுவுல நாக்கு இருக்கறதால செட்டு லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு துண்டுதான், ஒட்டிக்க எடமே கம்மி, பேசறப்ப முழுங்கறப்ப எல்லாம் நாக்கு அத தள்ளிக்கிட்டே இருக்கும். இது பத்தாதுன்னு பல்லு போன கீழ் தாடை எலும்பு, வருஷக் கணக்குல பாத்தா, மேல் தாடைய விட கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமா கரையுது. அம்மாவுக்கு அப்படியேதான் நடந்துச்சு. மேல் செட்டு மாட்டின நாள்ல இருந்து ஒரு தொந்தரவும் இல்ல, கீழ் செட்டு வாய்க்குள்ள படகு மாதிரி மிதந்துச்சு. கொய்யா விதை, தக்காளி விதை ஏதாவது அடில மாட்டுனா உயிர் போகும். கீழ் செட்ட கழட்டி டப்பால போட்டுட்டு மேல் செட்டோட மட்டும் சாப்பிட ஆரம்பிச்சாங்க. எத்தன வீட்ல பாத்திருக்கேன் இத, கீழ் செட்டு டப்பாலயே குடியிருக்கும்.

ஒட்டற பவுடர் போட்டு பாத்தோம், ஃபிக்ஸான்னு மெடிக்கல்ல கிடைக்கும். மேல நல்லா பிடிக்குது, கீழ சாப்பாடு முடியறதுக்குள்ள கரைஞ்சு கொழகொழன்னு ஆயிருது. அப்புறம் டாக்டர் சொன்னதுதான் கீழ் தாடைல முன்பக்கம் ரெண்டே ரெண்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள்ள பதிக்கற ஸ்க்ரூ, வெச்சு, அதுமேல குண்டு மாதிரி ஒரு முனை, செட்டுக்கு உள்பக்கம் ரப்பர் ரிங்கு, சட்டைல டிச் பட்டன் போடற மாதிரி டக்குனு மாட்டிக்கலாம். இது புது ஐடியாவும் இல்ல, 2002லயே கனடால மெக்கில் யுனிவர்சிட்டில நிபுணர்கள் கூடி, கீழ் தாடைல பல்லே இல்லாதவங்களுக்கு ரெண்டு இம்ப்ளான்ட் செட்டத்தான் முதல் சாய்ஸா வெக்கணும்னு அறிக்கை விட்டிருக்காங்க. நம்ம ஊர் கிளினிக்ல என்னடான்னா ஒண்ணு சாதா செட்டு சொல்றாங்க, இல்ல நேரா நாலு அஞ்சு லட்சத்துக்கு கழட்டவே வேணாத ஃபிக்ஸட் பல்லு சொல்றாங்க, நடுவுல இப்படி ஒண்ணு இருக்குன்னு நாமளா கேட்டாதான் வாய திறக்கறாங்க.

சுகர் இருக்கறதால மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் எடுத்து கன்ட்ரோல்ல வந்தப்புறம்தான் வெச்சாங்க, முன்னாடியே சிபிசிடின்னு தாடைக்கான 3டி ஸ்கேன் எடுத்து எலும்பு அகலம் போதுமான்னு பாத்தாங்க. எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போடறவங்க அத டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும், அதுல சிலது தாடை எலும்பு ஆறறத கெடுக்கும். வெச்சதும் உடனே மாட்ட முடியாது, எலும்போட சேர ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். மாட்டுனதுக்கப்புறம் அம்மா முதல்ல கேட்டது தட்டை. நுணுக்கிதான் சாப்பிட்டாங்க, ஆனா சாப்பிட்டாங்க. சாதா ஃபுல் செட்டுல கடிக்கற பலம் சொந்த பல்லுல கால்வாசி கூட வர்றது கஷ்டம், அத தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க, டிவி விளம்பரத்துல கரும்பு கடிக்கறத பாத்து வாங்காதீங்க.

மாமனாருக்கு வேற கேஸு. கீழ முன்பல்லு எல்லாம் கெட்டியா இருக்கு, ரெண்டு பக்கமும் கடைவாய் பல்லு மட்டும் இல்ல. கிளினிக்ல ஃப்ளெக்ஸிபிள் செட்டு போடுங்கன்னாங்க, வால்பிளாஸ்ட் மாதிரி நைலான் ரகம், பிங்க் கலர்ல மெலிசா வளையும், கம்பி வெளிய தெரியாது, கீழ போட்டாலும் உடையாது. பாக்க ஆசையாதான் இருக்கும். ஆனா பின்னாடி தாங்கறதுக்கு பல்லே இல்லாத எடத்துல அது கடிக்க கடிக்க ஈறுக்குள்ள அமுங்கும், ஈறும் எறங்கும் எலும்பும் எறங்கும். இன்னொரு டாக்டர் கோபால்ட் குரோமியம் கம்பி ஃபிரேம் வெச்ச காஸ்ட் பார்ஷியல், அதாவது இல்லாத பல்லுக்கு மட்டும் கழட்டி மாட்டற செட்டு, சொன்னாரு, இருக்கற பல்லு மேல சின்னதா ஒரு படி வெட்டி அதுல உக்கார வெப்பாங்க, பாரத்த கொஞ்சம் பல்லும் வாங்கிக்கும். சிரிச்சா கம்பி லேசா தெரியும். மாமனார் "என்னைய யாரு பொண்ணு பாக்க வர்றா"ன்னு அதையே போட்டுக்கிட்டாரு, மட்டன் சாப்பிடறாரு, அதுக்கு மேல என்ன வேணும்.

ஃப்ளெக்ஸிபிள் மோசம்னு சொல்லல. சித்தப்பாவுக்கு மேல முன்பல்லு ஒண்ணுதான் போச்சு, ரெண்டு பக்கமும் பல்லு இருக்கு, அவரு கடைல உக்காந்து நாள் பூரா பேசற ஆளு, அவருக்கு அது பொருத்தமா இருக்கு. ஒரே குறை, நாளைக்கு இன்னொரு பல்லு போனா அதுலயே சேக்கறது கஷ்டம், ரீலைனும் சரியா வராது, பாலிஷ் போயி சொரசொரப்பாயிரும். பிரிட்ஜ் போடுங்கன்னும் சொன்னாங்க, ஆனா அதுக்கு பக்கத்துல இருக்கற நல்ல பல்லு ரெண்டையும் தேய்ச்சு கேப் மாட்டணும், மனசு வரல அவருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா சொல்லிடறேன். டிகிரி இல்லாதவங்க சந்தைலயும் சின்ன கடைலயும் உக்காந்து "கழட்டவே வேணாம், ஃபிக்ஸா ஒட்டி தர்றேன்"னு பக்கத்து பல்லுல கம்பிய கட்டி பசை அக்ரிலிக்க அப்பி விடுவாங்க. உள்ள சோறு போயி அழுகி இருக்கற நல்ல பல்லும் போயிரும். பழைய மேல் செட்டுல நடுவுல ரப்பர் வட்டு வெச்சு உறிஞ்சி பிடிக்கற மாதிரி செய்வாங்க, அது நாளாக நாளாக அண்ணாக்கையே அரிச்சு ஓட்டை போட்ட கேஸெல்லாம் உண்டு. வீட்ல தாத்தா பாட்டி யாராச்சும் அந்த மாதிரி செட்டு வெச்சிருந்தா கழட்டி பாத்துருங்க.

ரேட்டு ஊருக்கு ஊர் மாறும், எங்களுக்கு சொன்னதுல அக்ரிலிக் ஃபுல் செட்டு பதினஞ்சாயிரத்துக்கு பக்கம், இம்ப்ளான்ட் ஒண்ணுக்கே அத விட கூட. காசு இடிக்குதுன்னா பல் மருத்துவக் கல்லூரிக்கு போங்க. சென்னைல கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்கற கவர்ன்மென்ட் காலேஜ், 2023ல புதுக்கோட்டைல தொடங்குன காலேஜ், தனியார் காலேஜும் நிறைய இருக்கு. ஸ்டூடன்ட்ஸ் செய்வாங்க, பக்கத்துல பேராசிரியர் நின்னு ஒவ்வொரு ஸ்டெப்பையும் பாத்து கையெழுத்து போடுவாரு, நடை ஜாஸ்தி, காத்திருக்கணும், ஆனா பொறுமை இருந்தா வெளிய அவசரமா செய்யற செட்ட விட நல்லாவே வரும்.

பராமரிப்பு கஷ்டமில்ல. ராத்திரி கழட்டி தண்ணில போட்டுட்டு தூங்கணும், போட்டுக்கிட்டே தூங்குனா அண்ணாக்கு செவந்து பூஞ்சை வரும். வயசானவங்களுக்கு நிமோனியா ரிஸ்க்கும் கூடுதுன்னு ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணி சொல்லிருக்காங்க. கொதிக்கற தண்ணி ஊத்துனா வளைஞ்சிரும், டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சா கீறல் விழும், சோப்புத் தண்ணியும் மெத்துன்னு ஒரு பிரஷும் போதும், எப்பவாச்சும் க்ளின்சோடென்ட் பவுடர்ல ஊற வெக்கலாம். கழுவறப்ப வாஷ்பேசின்ல கொஞ்சம் தண்ணி தேக்கி வெச்சுக்கங்க, கை நழுவுனாலும் உடையாது. முதல் வாரம் எச்சில் ஊத்தும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், ச, ஃப வராது, டெய்லி பேப்பர சத்தமா படிச்சா சரியாயிரும். மேல் செட்டு போட்டவங்க காபிய ஆத்தி குடிங்க, அண்ணாக்கு மூடி இருக்கறதால சூடு தெரியாம தொண்டைக்கு போயி சுட்டுரும். எங்கயாச்சும் உறுத்துனா வீட்ல பிளேடால சுரண்டாதீங்க, டாக்டர்கிட்டயே போங்க, காசு கட்டறதுக்கு முன்னாடியே செட்டு வந்தப்புறம் எத்தன தடவ அட்ஜஸ்ட்மென்ட் ஃப்ரீன்னு கேட்டு பில்லுல எழுதி வாங்கிக்கங்க.

என் மார்க்கு: அம்மாவோட மேல் அக்ரிலிக் செட்டுக்கு அஞ்சுக்கு நாலு, அதே ஜோடில வந்த சாதா கீழ் செட்டுக்கு ஒண்ணு, ரெண்டு இம்ப்ளான்ட் கீழ் செட்டுக்கு நாலரை, அந்த அரை மார்க்க ரப்பர் ரிங்குக்காக கழிச்சிட்டேன், தேய்ஞ்சு போச்சுன்னா மாத்திக்கிட்டே இருக்கணும், சின்ன ரிங்குதான், அதுக்கு வாங்கற காசு சின்னதில்ல. மாமனாரோட காஸ்ட் பார்ஷியல் நாலு, சித்தப்பாவோட ஃப்ளெக்ஸிபிள் இப்போதைக்கு மூணரை, இன்னும் ரெண்டு வருஷம் தாங்குனா கூட்டிப் போடறேன்.