ஒரே கொலை, மூன்று நாடகங்கள்: எந்த எலெக்ட்ராவைப் படிப்பது?

கிரேக்கத் துன்பியல் நாடகங்களை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் எடிபஸ் என்றுதான் பதில் வரும். நான் எலெக்ட்ரா என்பேன். ஏதென்ஸின் மூன்று பெரிய நாடகாசிரியர்களும், அதாவது எஸ்கிலஸ், சோபாக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரும், ஒரே சம்பவத்தை எடுத்து எழுதி, மூன்றுமே இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பது இந்த ஒரு கதையில்தான்.

கதை இதுதான். டிராய்க்குக் கப்பல் கிளம்பக் காற்று வேண்டும் என்று பெற்ற மகளையே பலி கொடுத்தவன் கிரேக்க மன்னன் அகமெம்னான். போரில் ஜெயித்து வீடு திரும்பியவனை மனைவி கிளைடெம்நெஸ்ட்ராவும் அவள் காதலன் ஏகிஸ்தஸும் தீர்த்துக்கட்டுகிறார்கள். வெளியூரில் வளர்ந்த மகன் ஓரெஸ்டஸ் அப்பல்லோ தெய்வத்தின் வாக்கைக் கேட்டுக்கொண்டு, பெற்றவளையே கொன்று பழிதீர்க்க வருகிறான். அவன் அக்கா எலெக்ட்ரா அவனுக்காகக் காத்திருக்கிறாள். முடிவு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும், அதனால் போட்டியெல்லாம் சொல்லும் விதத்தில்தான்.

முதலில், அக்கா தம்பியை அடையாளம் காணும் இடம். எஸ்கிலஸ் (கி.மு. 458; அவருடையது மூன்று நாடகங்கள் கொண்ட தொடர், இந்தப் பழிவாங்கல் அதன் நடு நாடகம்) இதைச் சுலபமாக முடிக்கிறார்: அப்பாவின் கல்லறையில் ஒரு கற்றை முடி கிடக்கிறது, அது தன் முடி மாதிரியே இருக்கிறது; பக்கத்தில் காலடித் தடம், அதுவும் தன் காலுக்குப் பொருந்துகிறது; அப்புறம் அவள் கையால் நெய்த துணியை அவனே எடுத்துக் காட்டுகிறான். சுமார் நாற்பது வருஷம் கழித்து யூரிப்பிடிஸ் இதே மூன்றையும் ஒரு கிழவர் வாயில் போட்டு, எலெக்ட்ராவை விட்டுக் கிழிக்கிறார். விளையாட்டுக் களத்தில் வளர்ந்த ஆணின் முடியும் சீப்பு போட்டு வாரும் பெண்ணின் முடியும் எப்படி ஒன்றாக இருக்கும், பாறைத் தரையில் தடம் எப்படிப் பதியும், சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட துணி உடம்போடு சேர்ந்து வளருமா என்று கேட்கிறாள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், வந்திருப்பவன் உண்மையிலேயே தம்பிதான், அத்தனை புத்திசாலித்தனமாகப் பேசியவளுக்கு அது தெரியவில்லை. கடைசியில் சிறுவயதில் விழுந்ததால் புருவத்தில் ஏற்பட்ட தழும்பை வைத்துக் கிழவர்தான் கண்டுபிடிக்கிறார்.

சோபாக்ளிஸ் தடயங்களையே நம்பவில்லை. அவருடைய ஓரெஸ்டஸ், தான் தேர்ப்பந்தயத்தில் செத்துவிட்டதாகப் பொய்ச் செய்தி அனுப்பிவிட்டு, தன் சாம்பல் என்று ஒரு கலசத்தைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறான். எலெக்ட்ரா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே உயிரோடு நிற்பவன் முன்னாலேயே அவனுக்காக ஒப்பாரி வைக்கிறாள். பார்ப்பவர்களுக்கு உண்மை தெரியும், அவளுக்குத் தெரியாது, அவனோ சொல்லிவிடலாமா வேண்டாமா என்று தவிக்கிறான். அடையாளமாக அப்பாவின் முத்திரை மோதிரத்தை அவன் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான், அதற்குள் பார்க்கிற நாம் உடைந்துபோயிருப்போம். போலஸ் என்ற நடிகர் இந்தக் காட்சிக்குத் தன் சொந்த மகனின் சாம்பல் இருந்த கலசத்தையே மேடைக்குக் கொண்டுவந்து அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் ஜெல்லியஸ் எழுதி வைத்திருக்கிறார். மேடைக் காட்சி என்று மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் உச்சம், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கொலைக்குப் பிறகு? அங்கேதான் சோபாக்ளிஸிடம் எனக்குச் சண்டை. உள்ளே அம்மா அலறும்போது வெளியே நிற்கும் எலெக்ட்ரா ‘முடிந்தால் இன்னொரு தடவை வெட்டு’ என்கிறாள். அப்புறம் ஏகிஸ்தஸ் வந்து, மூடிக் கிடப்பது ஓரெஸ்டஸின் பிணம் என்று நினைத்துத் துணியை விலக்க, கிடப்பது கிளைடெம்நெஸ்ட்ரா. அவனையும் உள்ளே ஓட்டிக்கொண்டு போகிறார்கள், நாடகம் முடிந்தது. தாயைக் கொன்றவனைத் துரத்தும் பழிதேவதைகள் வரவே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார் என்று வாதாடும் அறிஞர்கள் உண்டு, இருக்கட்டும்.

எஸ்கிலஸில் அம்மா மார்பைத் திறந்து ‘இது பால் கொடுத்த மார்பு’ என்று காட்டியதும் ஓரெஸ்டஸ் தடுமாறி நண்பன் பைலடஸைப் பார்க்கிறான். நாடகம் முழுக்க வாயே திறக்காத பைலடஸ் மூன்றே வரி பேசுகிறான்: அப்பல்லோவின் வாக்கு என்னாவது? அந்த மூன்று வரியில் அவள் விதி முடிகிறது. கொன்றவுடன் தேவதைகள் அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். அடுத்த நாடகத்தில் ஏதென்ஸில் வழக்கு, வாக்குகள் சரிசமம், அதீனா தேவியால் விடுதலை. எலெக்ட்ராவோ இரண்டாவது நாடகத்தின் பாதியிலேயே காணாமல் போகிறாள், ஏனென்றால் எஸ்கிலஸுக்குக் குடும்பத்தைவிடச் சட்டம்தான் முக்கியம்.

யூரிப்பிடிஸ் இந்தக் கதையை அரண்மனையிலிருந்து குடிசைக்கு இழுத்து வருகிறார். எலெக்ட்ராவை ஓர் ஏழை விவசாயிக்குக் கட்டிவைத்துவிட்டார்கள், குடம் சுமந்து தண்ணீர் எடுக்கிறாள் (எடுக்கத் தேவையே இல்லை என்று புருஷனே சொல்கிறான், ஊருக்குத் தெரியட்டும் என்றுதான் எடுக்கிறாள்!). குழந்தை பிறந்திருக்கிறது என்று பொய் சொல்லி அம்மாவைக் கூப்பிட, பேரப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய சடங்கைச் செய்ய அவளும் வருகிறாள், பழசையெல்லாம் நினைத்துக் கொஞ்சம் வருந்தவும் செய்கிறாள். ஓரெஸ்டஸ் மேலாடையால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறான், எலெக்ட்ரா கூடவே வாளைப் பிடிக்கிறாள். வெளியே வந்ததும் இருவரும் உடைந்துபோகிறார்கள். வானத்திலிருந்து இறங்கும் தெய்வமே அப்பல்லோ சொன்னது புத்திசாலித்தனமான வாக்கு இல்லை என்கிறது.

இனி, யாரிடமிருந்து யார் எதை எடுத்தார்கள் என்று பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். எலிசபெத் காலத்து இங்கிலாந்துக்குத் துன்பியல் முக்கியமாக ரோமானிய நாடகாசிரியர் செனெகா வழியாகத்தான் போனது. அவருடைய அகமெம்னான் நாடகமே ஓர் ஆவியின் பேச்சோடுதான் தொடங்கும். ஆவி, பழி, கொல்லப்பட்ட அப்பா, கொன்றவனோடு வாழும் அம்மா என்று ஹாம்லெட்டும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். ஆனால் ஷேக்ஸ்பியரின் ஆவி, அம்மாவைத் தொடாதே, அவளைக் கடவுளிடம் விட்டுவிடு என்கிறது. பெற்றவளைக் கொல்லலாமா என்ற கிரேக்கக் கதையின் கேள்வியே அங்கே எழாமலே போய்விடுகிறது.

சோபாக்ளிஸ் வழியில் நேராக வந்தவர் ஆஸ்திரிய எழுத்தாளர் ஹோஃப்மன்ஸ்தால் (1903), அவர் நாடகத்தைத்தான் இசையமைப்பாளர் ஸ்ட்ராஸ் 1909இல் ஓபராவாக்கினார். ஹோஃப்மன்ஸ்தாலுக்கே கூட சோபாக்ளிஸின் அந்த வெற்றி முடிவு போதவில்லை, எலெக்ட்ராவை வெறிநடனம் ஆடவைத்து விழுத்திவிடுகிறார். அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ நீல் 1931இல் எஸ்கிலஸின் மூன்று நாடக அமைப்பை அப்படியே எடுத்து, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த நியூ இங்கிலாந்தில் வைத்தார். எலும்புக்கூடு எஸ்கிலஸ், சதையும் ரத்தமும் யூரிப்பிடிஸ் என்பது என் கட்சி: தெய்வம் கிடையாது, நீதிமன்றம் கிடையாது, அக்காவும் தம்பியும் குற்ற உணர்வில் ஒருவரையொருவர் தின்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்ர் 1943இல், ஜெர்மன் பிடியிலிருந்த பாரிஸில், பழிதேவதைகளை ஈக்களாக்கினார். அவருடைய எலெக்ட்ரா கொலைக்குப் பின் மனம் உடைந்து தேவர்களின் தலைவன் ஜூபிடரிடம் சரணடைய, ஓரெஸ்டஸ் மட்டும் வருந்த மறுத்து ஈக்களைத் தன் பின்னால் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். கவிஞர் டி.எஸ். எலியட் 1939இல் அதே தேவதைகளை ஆங்கில வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார். மேடையில் அவர்கள் மாறுவேட விருந்திலிருந்து வழிதவறி வந்தவர்கள் போல இருந்தார்கள் என்று பின்னாளில் அவரே கிண்டலடித்தார்.

இப்படிப் பார்த்தால், மூவரில் நேர்த்தியானவர் சோபாக்ளிஸ், ஆனால் பின்னால் வந்தவர்கள் தோண்டியதெல்லாம் அவர் தொடாமல் விட்ட இடத்தில்தான். பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சோபாக்ளிஸைப் பாருங்கள், படிப்பதானால் யூரிப்பிடிஸ். ஆனால் எஸ்கிலஸைக் கொஞ்சம் முன்னாலேயே புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்த முடிக்கற்றைக் கிண்டல் வீணாகிவிடும். எஸ்கிலஸில் நடு நாடகத்தை மட்டும் தனியாக எடுத்துப் படிக்காதீர்கள், மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வழக்கு எதற்கு என்று புரியும்.