சிக்கனமா, மறுமுதலீடா? நீலகிரியில் நின்று ஒரு கணக்கு

வரவு குறைந்து கடன் ஏறும்போது அரசு என்ன செய்ய வேண்டும்? செலவைச் சுருக்கு என்கிறது ஒரு தரப்பு. நிறுவனங்கள் ஈட்டும் லாபத்தைத் தொழிலிலேயே திரும்பப் போட வை, வேலையும் பெருகும், வரியும் பின்னாலேயே வரும் என்கிறது இன்னொரு தரப்பு. தில்லியிலும் சென்னையிலும் இது வெறும் சதவீதச் சண்டை. நீலகிரியிலோ இரண்டுக்கும் கண்ணெதிரே சாட்சிகள் உண்டு. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறுமுதலீட்டின் பக்கம். ஆனால் நிபந்தனை இல்லாத வரிக்குறைப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதை ஏற்க மாட்டேன்.

சிக்கனத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வருவாயில் பெரும்பங்கு வட்டிக்கே போய்விட்டால் பள்ளிக்கூடத்துக்கு என்ன மிஞ்சும்? பற்றாக்குறையைக் கட்டுக்குள் அடக்கும் நோக்கத்துடன் மத்திய அரசும் தமிழக அரசும் 2003-இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டங்களைக் கொண்டுவந்தது அதற்காகத்தான். சிக்கல், கத்தி எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றையும் தொட முடியாது. எனவே வெட்டு பராமரிப்பின் மேல் விழுகிறது.

மலையில் பராமரிப்பு என்றால் தடுப்புச் சுவரும் மழைநீர்க் கால்வாயும்தான். சாலையோரக் கருங்கல் சுவர்களில் நீர் வடிவதற்காக வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். மண்ணும் வேரும் அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், மண் ஊறிக் கனக்கும், சுவர் மெல்ல வயிறு தள்ளும். துளையைக் குத்திவிட ஓர் ஆளும் ஒரு கம்பியும் போதும். சரிந்த சுவரைத் திரும்ப எழுப்ப ஒப்பந்தப்புள்ளி, இயந்திரம், மாதக்கணக்கில் ஒருவழிப் போக்குவரத்து எல்லாம் வேண்டும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மலையில் பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போடுவது, பெரிய செலவுக்கு இன்றே நாள் குறிப்பது.

தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் கதையும் இங்கே பொருந்தும். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வாழ்வளிக்க 1968-இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976-இல் நிறுவனமானது அது. நட்டம் தொடரவே, 2022-இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க முடிவானது. காடு மீள்வது நல்லதுதான். ஆனால் கடல் கடந்து வந்து, அந்த லைன் வீடுகளிலேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்கு, கணக்குப் புத்தகத்தில் ஒரு நட்ட வரி அழிந்ததைவிடத் தங்கள் வீடு நிலைக்குமா என்ற கேள்விதான் பெரிதாக இருந்தது.

நாடளவில் பார்த்தாலும் இதே படிப்பினைதான். கடன் நெருக்கடியில் வெட்டுக்கு மேல் வெட்டு விழுந்த கிரேக்கத்தின் பொருளாதாரம் 2008-க்கும் 2013-க்கும் இடையில் ஏறக்குறைய கால்பங்கு சுருங்கிப்போனது. செலவுக் குறைப்பின் பாதிப்பைத் தங்கள் கணிப்புகள் குறைத்து மதிப்பிட்டுவிட்டன என்று பன்னாட்டு நாணய நிதியத்தின் பொருளியலாளர்களே 2013-இல் எழுதினார்கள்.

அப்படியானால் நிறுவனங்களை ஊக்குவிக்கலாமே? இங்கேதான் இரண்டு வழிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதல் வழி வரியைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பது. 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே சொன்னது. பிறகு என்ன ஆனது? 33,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் வரிக்கு முந்தைய லாபம் 2020 நிதியாண்டுக்கும் 2023-க்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஆள்சேர்ப்பும் ஊதியமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இதைச் சொன்னது 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை. அமெரிக்காவிலும் 2017-இல் வரி 35-இலிருந்து 21 சதவீதமானதும், அடுத்த ஆண்டே பெருநிறுவனங்கள் சாதனை அளவாக 80,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுத் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொண்டன. அந்தப் பணம் ஆலைக்குப் போகாமல் பங்குதாரர்களிடம் போனது.

இரண்டாவது வழி, போட்டவனுக்கு மட்டும் சலுகை. எஸ்தோனியா 2000-ஆம் ஆண்டு முதல் இதைச் செய்கிறது. லாபத்தை நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருக்கும்வரை வரி கிடையாது. பங்காதாயமாக வெளியே எடுத்தால்தான் வரி. அவ்வளவு தூரம் போவானேன்? நம் தேயிலைத் தொழிலுக்கென்றே 1961 வருமான வரிச் சட்டத்தில் 33ஏபி என்றொரு பிரிவு இருந்தது. நபார்டு வங்கியின் தனிக் கணக்கிலோ, தேயிலை வாரியத் திட்டத்தின்படி தொடங்கிய கணக்கிலோ லாபத்தில் 40 சதவீதம் வரை போட்டால், அந்தத் தொகைக்கு வரிக்கழிவு. எடுத்த பணத்தைத் திட்டத்தில் சொன்ன வேலைக்கே செலவிட வேண்டும். தவறினால் அது லாபமாகக் கருதப்பட்டு வரி விழும். அலுவலகத்துக்கோ விருந்தினர் மாளிகைக்கோ இயந்திரம் வாங்க முடியாது. வாங்கியதை எட்டு ஆண்டுகளுக்குள் விற்றாலும் சலுகை பறிபோகும்.

இந்த நிபந்தனைகளின் அருமை ஆலைக்குள் போனால் புரியும். தேயிலையை நறுக்கிச் சுருட்டித் தூளாக்கும் சிடிசி உருளைகளின் பற்கள் தேய்ந்துவிட்டால், இலை சீராக வெட்டுப்படாமல் நசுங்கும். தூளின் நிறமும் திடமும் குன்றும். குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும். அந்த இறக்கம் கடைசியில் விவசாயிக்குக் கிடைக்கும் பசுந்தேயிலை விலையில் வந்து நிற்கும். உரிமையாளர் லாபத்தை எங்கே போட்டார் என்பது அவருடைய சொந்த விஷயம் மட்டும் அல்ல.

ஆனால் 2019-இன் 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் கைவிட வேண்டிய கழிவுகளின் பட்டியலில் இந்த 33ஏபி-யும் இருந்தது! இயந்திரம் வாங்கினால் சலுகை என்ற ஏற்பாட்டை விட்டுவிட்டு, எதுவும் வாங்காமலேயே சலுகை பெறும் கதவைத் திறந்துவைத்தார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான்.

மறுமுதலீடு சர்வரோக நிவாரணி அல்ல என்பதற்கும் இங்கே சாட்சி உண்டு. 1960-இல் உருவான உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், புகைப்பட பிலிம் தயாரித்த அரசு நிறுவனம். டிஜிட்டல் படக்கருவிகள் வந்த பிறகு பிலிமுக்குச் சந்தையே இல்லாமல் போனது. காலத்தைப் பார்த்து, எதில் போடுகிறோம் என்று தேர்ந்து போடாவிட்டால் எந்தப் பணமும் ஆலையைக் காப்பாற்றாது.

ஆக, என் தேர்வு இது. 22 சதவீதத்தை எல்லோருக்கும் பொதுவில் வழங்காமல், லாபத்தை ஆலையிலும் தோட்டத்திலும் போட்டவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். மீதிப் பேரிடம் வாங்கும் வரியைச் சுவருக்கும் கால்வாய்க்கும் செலவிட வேண்டும். எந்த நிறுவனமும் தன் லாபத்தில் கோத்தகிரிச் சாலையின் தடுப்புச் சுவரைப் பராமரிக்கப் போவதில்லை. அது அரசின் வேலை.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியை நிறுவன வரிச் சலுகை எட்டவே எட்டாது. வயதான செடியைப் பிடுங்கி மறுநடவு செய்தால், புதுச்செடி முழுப் பலனுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பெரிய அவருக்கு வேறு வருமானம் வேண்டும். அந்த ஆண்டுகளைத் தாண்ட உதவும் மறுநடவு மானியத்தைச் சிக்கனத்தின் பெயரால் எந்த அரசு தொட்டாலும், நான் எதிர்ப்பேன்.