யெஸ்டி ரோட்கிங்கும் ஆர்.எக்ஸ். 100-உம்: அல்சூரிலிருந்து நந்தி மலை வரை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் நிற்கின்றன. யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னுடையது, யெஸ்டி ரோட்கிங் என் மைத்துனருடையது. இரண்டின் உற்பத்தியும் 1996-இல் நின்றுவிட்டது; எது மேல் என்ற வாக்குவாதம்தான் இன்னும் நின்றபாடில்லை. சென்ற மாதம் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம்.

ஏட்டுக் கணக்கில் ரோட்கிங்குக்கு ஏறத்தாழ 250 சி.சி., 16 குதிரைத்திறன், 140 கிலோ எடை, ஆர்.எக்ஸுக்கு 98 சி.சி., 11 குதிரைத்திறன், சுமார் 100 கிலோ எடை. இரண்டுக்கும் நான்கு கியர்கள். எடையால் திறனை வகுத்தால் இரண்டும் அநேகமாகச் சமம். 70 கிலோ ஆள் ஒருவர் ஏறி அமர்ந்துவிட்டால் யெஸ்டியின் கைதான் ஓங்குகிறது. ஆனாலும் டிரினிட்டி சர்க்கிளில் பச்சை விளக்கு எரிந்ததும் முதலில் பாய்வது ஆர்.எக்ஸ்.தான். அதன் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) தலா 50 மி.மீ. என்பதால் எஞ்சின் தயங்காமல் சுழன்று ஏறி, நிமிடத்துக்கு 7500 சுற்றில் முழுத் திறனைக் கொட்டுகிறது, 65 மி.மீ. போரும் 75 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட யெஸ்டியோ நிதானமாகத் தொடங்கி, குறைந்த சுற்றிலேயே இழுவையைத் தருகிறது.

யெஸ்டிக்குப் புதியவர்கள் முதலில் திணறுவது அதன் லீவரிடம்தான். இடப்பக்கம் இருக்கும் ஒரே லீவர்தான் கிக்கரும் கியரும்: உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பி நிமிர்த்தினால் கிக்கர், மறுபடி முன்னால் மடக்கினால் கியர். கியர் போடும்போது கிளட்ச் தானாகவே விடுபடும் வசதியும் உண்டு. முதல் நாள் நான் மடக்க மறந்து, இல்லாத கியரைக் காலால் துழாவிக்கொண்டிருந்ததை என் மைத்துனர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

நந்தி மலையின் கடைசி வளைவுகளில், பின்னால் ஆள் இருக்கும்போது, ஆர்.எக்ஸ். இரண்டாம் கியரில் அலறிக்கொண்டே ஏறியது. யெஸ்டி மூன்றாம் கியரில், இரட்டை சைலன்சரும் ஒரே சீராக முழங்க, மூச்சு வாங்காமல் ஏறியது. இறக்கத்தில் இரண்டுமே பயமுறுத்தின. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த அதிகம் உதவாது; டிரம் பிரேக்கும் சூடேறச் சூடேறத் தளர்கிறது. இலகுவான ஆர்.எக்ஸே இங்கு சற்று நம்பிக்கை தந்தது. அந்தப் பயணத்தில் லிட்டருக்கு ஆர்.எக்ஸ். 38 கிலோமீட்டரும் யெஸ்டி 27 கிலோமீட்டரும் கொடுத்தன. யெஸ்டிக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் கலக்கும் வேலை தனி.

உதிரிபாகங்களுக்கு இரண்டுக்கும் ஜே.சி. ரோடுதான் கதி. ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லிக் கொடுத்த பிஸ்டன், மாற்றிய மூன்றாம் வாரமே ஹெப்பாள் மேம்பாலத்தில் என் ஆர்.எக்ஸை ஜாம் ஆக்கியது. மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் உருவான யெஸ்டியின் பழைய பாகங்களோ தேய்ந்த நிலையிலும் தாக்குப்பிடிக்கின்றன.

நகருக்குள் தினமும் ஓட்ட ஆர்.எக்ஸ்., வார இறுதியில் இருவராக மலையேற யெஸ்டி என்பது என் தேர்வு. ஆனால் ஆர்.எக்ஸுக்கு இப்போது லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள். அதிலும் யமஹாவின் ஆர்.எக்ஸ். 135-இன் சிலிண்டரை ஏற்றிய வண்டிகள் உண்டு. பணத்தை எண்ணும் முன், எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.