முழுக் கேற்றும் ஒரே கையிலா, நிலை பிரித்தா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வெல்டிங் கடைகளில் ஐந்தாறு பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்கு இரண்டு வழி உண்டு. அளவெடுப்பதிலிருந்து பெயின்ற் வரை ஒரு கேற்றை ஒருவரிடமே விடலாம். இல்லாவிட்டால் வெட்டு, பொருத்து, ஒட்டு, தேய்ப்பு, பெயின்ற் என்று பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கலாம். வேகத்துக்குப் பிரித்த முறைதான். பிழை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் கதை வேறு.

12 அடி அகலம், 5 அடி உயரத்தில் இரட்டைக் கதவுக் கேற் ஒன்றை எடுப்போம். கதவு ஒன்றுக்கு 6 அடிக் குறுக்கு இரண்டு, 5 அடி நிமிர்வு இரண்டு. 20 அடி பொக்ஸ் பாரில் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்) 5 அடித் துண்டு நாலு சரியாக வரும் என்றுதான் வெட்டுகிறவர் கணக்குப் போடுவார். 14 அங்குல வெட்டுத்தட்டு வெட்டுக்கு 3 மில்லிமீற்றரளவில் தின்னும். மூன்று வெட்டில் 9 மில்லிமீற்றர் போய்விடும். கடைசித் துண்டு அவ்வளவு கட்டை. (6 மீற்றர் பார் வந்திருந்தால் அந்தத் துண்டு நாலு அங்குலமளவு குறையும். அதையாவது எல்லாரும் காண்பார்கள்.) கட்டைத் துண்டோடு பொருத்திய கதவில் மூலைக்கு மூலை நாடா பிடித்தால் ஒரு பக்கம் 7 அடி 9¾ அங்குலம், மறுபக்கம் 6 மில்லிமீற்றர் குறைவு. பட்டறையில் கண்ணுக்குப் படாது. பிணைச்சலில் மாட்டி இரண்டு கதவையும் சேர்க்கும்போதுதான் மேல் விளிம்பு ஏறி இறங்கி நிற்கும்.

வெட்டியதைத் தானே ஒட்டப்போகிறவர் மில்லிமீற்றரை மதிப்பார். பிரித்த முறையில் ஒட்டுகிறவருக்கு வருவது பிறர் வெட்டிய துண்டு. இடைவெளியைக் கண்டால் வெல்டிங் றொட்டை உருக்கி நிரப்பிவிடுவார். சுவர் 1.6 மில்லிமீற்றர் பாரில் அப்படி நிரப்பினால் சூடு ஏறி ஓட்டை விழும், அல்லது சட்டம் இழுபடும். 2.5 மில்லிமீற்றர் றொட், 60 முதல் 80 அம்பியர், எதிரெதிர் மூலையாக மாறி மாறி ஒட்டினால் இழுவை குறையும். ஆனாலும் பிழையான வெட்டை எந்த ஒட்டும் திருத்தாது. பிறகு வெட்டியவர் ஒட்டியவரைச் சொல்வார், ஒட்டியவர் வெட்டியவரைச் சொல்வார்.

ஆகவே பிரித்து வேலை வாங்குகிறவர் நிற்க வேண்டிய இடம் பொருத்தும் மேசை. நாலு மூலையிலும் பொட்டு ஒட்டு (முழு ஒட்டுக்கு முன் பிடித்து நிறுத்தும் சிறு ஒட்டு) வைத்தவுடன் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் பொட்டை வெட்டித் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. முழு ஒட்டுக்குப் பிறகு அதே வேலை அரை நாள். ஒரே அளவில் நாலு கேற்றுக்கு மேல் ஓடர் இருந்தால் மேசையில் அங்கிள் அயன் துண்டுகளை ஒட்டி எல்லாக் கேற்றையும் ஒரே அளவில் பிடித்து வைக்கும் அச்சுச் சட்டம் செய்வது வாய்க்கும். ஒரு கேற்றுக்கு அது வீண்.

துண்டுக்கு இவ்வளவு என்ற கொந்தராத்தை ஒருவர் முழுக் கேற்றும் செய்யும் முறையில் மட்டும் வையுங்கள். பிரித்த முறையில் அதைக் கொண்டுவந்தால் எல்லாரும் தங்கள் பிழையை அடுத்த ஆளிடம் தள்ளுவார்கள். அங்கே நாள் சம்பளந்தான் பொருந்தும்.

கரண்டும் கணக்கில் வரும். ஒற்றைப் பேஸ் இணைப்பில் வெட்டு மெசினும் இரண்டு பழைய வெல்டிங் பிளான்றும் ஒன்றாக ஓடினால் வோல்ற்றேஜ் விழுந்து றொட் ஒட்டிப்பிடிக்கும். ஆளுக்கொரு கேற் என்றால் வெட்டும் ஒட்டும் தானாகவே மாறி மாறி நடக்கும். பிரித்த முறையில் காலை பத்து மணிக்குள் வெட்டை முடித்துவிட வேண்டும். கரண்ட் போனால் அளவு குறிப்பதும் அன்ரிக்கொறோசிவ் (கறல் தடுக்கும் பூச்சு) பூசுவதும் கையிருப்பு வேலை. மழைக்காலத்தில் தேய்த்த இடத்தை இரவுக்குப் பூசாமல் விட்டால் விடியும்போது கறல்.

பழகும் பொடியனுக்கு முழுக் கேற் முறைதான் தொழில் தரும். மற்றதில் அவனைக் கிறைண்டருக்கு நேர்ந்துவிட்டது போலத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இடம் மாற்றுங்கள்.

காலபோக நெல் வெட்டு நெருங்கும்போது உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாக வரும். உடைந்த அச்சு, கழன்ற பலகைச் சட்டம் எல்லாம் அன்றைக்கே வேண்டும் என்பார்கள். அதற்கு வரிசையிலிருந்து ஒட்டுகிறவரை இழுத்தால் பின்னால் நிற்கிற இரண்டு பேர் சும்மா இருப்பார்கள். தை, மாசியில் ஒருவரைத் திருத்த வேலைக்கென்றே ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.