குளியல் தொட்டி ஒழுகலுக்கு மேல்பூச்சு வேலை: நான் ஏமாந்த கதை

குளியல் தொட்டியின் வடிகால் துளையை அடைக்கும் மூடி சரியாக உட்காராமல் தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. கூடவே, சுவரின் அடியில் ஈரம் கோத்தது. பிளம்பர் ஒருவரை அழைத்தேன். எங்கள் தொட்டியின் பக்கவாட்டை டைல்ஸ் பதித்து முழுக்க அடைத்திருந்தார்கள். அடியில் கைவிட வழியே இல்லை. அதைப் பார்த்ததும் அவர், “டைல்ஸை உடைக்க வேண்டாம் சார், மேலேயே முடித்துவிடலாம்” என்றார். உடைப்பு வேலை மிச்சம் என்று நானும் சம்மதித்தேன்.

வடிகால் துளையின் குறுக்குக் கம்பியில் இடுக்கியைக் கொடுத்து மேல்வளையத்தை இறுக முறுக்கினார். ஈரத்தைத் துணியால் ஒருமுறை ஒற்றினார். பழைய சிலிக்கானைச் சுரண்டவில்லை; அதன் மேலேயே புதிதாக ஒரு சுற்று தடவினார். புது மூடி ஒன்றை வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் கூலி கேட்டார். தண்ணீர் நிரப்பிப் பார்க்கலாமே என்றேன். “சிலிக்கான் காய 24 மணி நேரமாவது ஆகும், இன்று தண்ணீர் படக் கூடாது” என்றார். அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லியே சோதனையிலிருந்து தப்பித்துக்கொண்டார். முழுக் கூலியையும் கொடுத்தனுப்பினேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் ஈரம் முன்பைவிட அதிகம். பலமுறை அழைத்தும் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

வேறொருவர் வந்து முதலில் இரண்டு டைல்ஸைப் பெயர்த்தார். டார்ச் அடித்துக் காட்டினார். தொட்டிக்கும் நட்டுக்கும் நடுவிலிருந்து ரப்பர் வாஷர் நாக்குத் தள்ளியதுபோல் ஒரு பக்கமாகப் பிதுங்கித் தொங்கியது. மேல்வளையத்தைத் திருகும்போது அடியிலுள்ள நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டும் சேர்ந்து சுற்றும், வாஷரும் முறுக்கிக்கொள்ளும். கொஞ்சமாக இருந்த கசிவை முதலாமவரே பெரிதாக்கியிருக்கிறார். ஈரத்தின் மேல் தடவிய சிலிக்கான், விரலால் நெம்பியதும் நாடாவாக உரிந்து வந்தது. அவர் வைத்த மூடியோ கைகழுவும் தொட்டிக்கானது; துளையைவிடச் சிறியது.

மேலிருந்தே பொருத்தும் வடிகால் வகையும் உண்டு. நடுவில் ஒரு நீளத் திருகாணி மேல்தட்டையும் அடிப்பாகத்தையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். அதிலும் பழைய வாஷரைக் கழற்றி, இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, காயவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். எதையும் கழற்றாமல் மேலே பூசினால் போதும் என்று யாராவது சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அழைக்கும் முன் நீங்களே பார்த்துவிடலாம். மூடி போட்டு நிரப்பிய தண்ணீர் நிற்கும்போதே அடியில் ஒழுகினால் பெரும்பாலும் வளையத்தின் வாஷரில் கோளாறு. திறந்துவிடும்போது மட்டும் ஒழுகினால் அதற்குக் கீழே, குழாய் இணைப்பில். தண்ணீர், நிரம்பினால் வழிவதற்காகத் தொட்டியின் மேற்பக்கம் இருக்கும் மேல்துளையை எட்டும்போது மட்டும் என்றால் நிரம்பி வழியும் குழாயில். அக்ரிலிக் தொட்டி பாரத்தில் சற்று வளையும், அதனால் நிரப்பாமல் செய்யும் சோதனையில் கசிவு தெரியாமல் போகலாம். கூலியில் பாதியையாவது மறுநாள் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். சிலிக்கான் காய வேண்டும் என்று சொல்பவர், காய்ந்த பிறகு வந்து காட்டட்டும்.

பெயர்த்த இடத்தில் இப்போது கழற்றி மாட்டும் சிறு கதவு வைத்திருக்கிறோம். நேற்று மேல்துளைவரை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டேன். தாளில் ஒரு சொட்டுகூட இல்லை. முதலாமவரிடம் கொடுத்த கூலி இன்னும் திரும்பி வரவில்லை.