பயிற்சி வகுப்பா, வழிகாட்டியா?

புதிதாகக் குழுத்தலைவர் ஆனவரை இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாம். அல்லது அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாகக் கொடுக்கலாம்.

வகுப்பில் பலர் ஒரே நேரத்தில் அடிப்படைகளைக் கற்கலாம், அது சரி. ஆனால் மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்.

நான் வழிகாட்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன். மனம் புண்பட்டிருக்கும் ஊழியரிடம் நாளை எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று இன்றே கேட்கலாம். பேசி முடித்ததும், எங்கே குறுக்கிட்டோம், எங்கே காதுகொடுக்கத் தவறினோம் என்று சேர்ந்து அலசலாம். மனிதர்களோடு பழகும் திறன் இப்படிச் செய்து பார்த்துத்தான் வளர்கிறது. ஒரே நிபந்தனை: வழிகாட்டி நேரடி மேலதிகாரியாக இருக்கக் கூடாது. சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரிடம் யாரும் தங்கள் தடுமாற்றத்தை மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.